கரையில் எடுத்த படம்

திரேஸ்புரம், தூத்துக்குடி
9 ஜூலை 2024

சண்முகப்ரியா அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று முதலில் எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். பேசினால் என் குரல் எனக்குக் கட்டுப்படாது. உங்கள் மகள் ஐஸ்வர்யாவிடம் சென்னை முகவரி வாங்கி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கிறேன். பாடகர் குழுவில் பாடுகிற டீச்சர் போனை நீட்டி, “பெர்சி, இது நீதானளா?” என்றார். நான்தான். மணலில் மண்டியிட்டு, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கிறேன். மடியில் என் தம்பி பெனிஸ்டன். படத்துக்குக் கீழே உங்கள் பெயர். சங்கு குளிக்கிறவர்களின் சாவைப் பற்றி ஏதோ ஒரு இணையப் பத்திரிகை எழுதிய கட்டுரை. டீச்சர் நல்லவர். “எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க பாரு” என்றுதான் காட்டினார். பக்கத்தில் நின்ற அம்மா, “எனக்குக் காட்டு” என்றாள். போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவன் போய் நான்கு மாதம்தான் ஆகிறது.

துணிக்கடை பில்லிங் வேலையை விட்டுவிட்டு, மகளின் சின்ன கேமராவோடு நீங்கள் என் ஸ்டுடியோவுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? “பெர்சி, எனக்கு வயசு கூட, உனக்குத் தொழில் கூட. வெக்கப்படாமத் திட்டு” என்றீர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை எப்படித் திட்டுவது என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது லென்ஸும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மனுஷரை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். வாயால் முடியாத இடத்தில் கண்ணால் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழிக்க வேண்டும். மீன் ஏலக் கூடத்தில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நீங்கள் உடனே அழித்துக் காட்டினீர்கள். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெண்ணிடம் கேட்ட நீங்கள் என்னிடம் கேட்கவில்லை.

படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பெர்சி


சென்னை
15 ஜூலை 2024

அன்புள்ள பெர்சி,

நான் அடிக்கவில்லை. அன்புள்ளதான்.

உன் கடிதத்தைப் பிரிக்கும்போது உன் கையெழுத்தைப் பார்த்தே சந்தோஷப்பட்டேன். பைத்தியக்காரி.

நீ கேட்கவில்லை என்கிறாய். பெர்சி, நீ சொல்லித்தான் எடுத்தேன்.

அன்று துறைமுகத்தில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தோம். உன் ஸ்கூட்டரில் நான் பின்னால், கேமரா என் தோளில். போன் வந்தது. நீ வண்டியைக் கடற்கரைக்குத் திருப்பினாய். வல்லம் கரை தட்டுவதற்குள் நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றாய். அவனை இறக்கிக் கிடத்தினார்கள். நீ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். என் கண்ணுக்கு நேராகப் பார்த்து, “எடுக்கா! எடுக்கா!” என்று கத்தினாய். எப்போதும் “எடுங்கக்கா” என்று மரியாதை கொடுக்கிறவள் அன்று “எடுக்கா” என்றாய். அதனால்தான் அது என் காதில் இன்னும் இருக்கிறது.

சங்கு குளிக்கப் போய்ச் செத்தவர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எங்கோ எடுத்த பழைய வல்லம் ஒன்றின் படத்தைப் போடுகிறார்கள் என்று நீதான் கொதிப்பாய். ஒரு சாவையாவது ஒழுங்காக எடுத்து வைக்க ஆளில்லை என்பாய். ஆகவே உன் தம்பியே ஆனாலும் எடு என்கிறாள் பெர்சி, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

பல வாரம் யாருக்கும் காட்டவில்லை. பிறகு அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கட்டுரைக்குப் படம் கேட்டார். உனக்குப் போன் போட்டேன். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நீ யார் போனையும் எடுப்பதில்லை என்று உன் அம்மா சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. உன்னிடம் மட்டும் மறைக்க மாட்டேன். நாற்பத்து மூன்று வயசில், டிகிரி இல்லாத, புருஷன் விட்டுப்போன ஒருத்திக்கு எந்தக் கதவும் தானாகத் திறக்காது. அந்தப் படத்தால் ஒரு கதவு திறந்தது. சென்னையில் மாதாமாதம் வேலை தருகிறார்கள்.

நீ சொன்னதால்தானே எடுத்தேன் என்ற தைரியத்தில் கொடுத்தேன். இப்போது நீ வேறு மாதிரி சொல்கிறாய். எதை நம்பட்டும்?

ப்ரியா


திரேஸ்புரம்
29 ஜூலை 2024

அக்கா,

உங்கள் கடிதத்தைப் பல நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நான் கத்தியது எனக்கு நினைவில்லை. நீங்கள் அங்கே நின்றதுகூட நினைவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் வாயில் அந்தச் சொல் திரும்ப வந்துவிட்டது.

தண்ணீரிலிருந்து தூக்கிக் கரைக்கு ஓட்டிய பதற்றத்தில் யாரும் கழற்றாமல், அவன் முகமூடி முகத்திலேயே இருந்தது அக்கா. அதன் வார் முடியில் சிக்கியிருந்தது. மேலே வல்லத்தில் ஓடுகிற கம்ப்ரஸரிலிருந்து காற்று வருமே, அந்த டியூப் வாயில் அப்படியே இருந்தது. என் கை இரண்டும் அவன் தலைக்கு அடியில். அதை எடுக்கச் சொன்னேன். மூடியை எடு, டியூபை எடு என்றேன். பக்கத்தில் நின்றது நீங்கள். நீங்கள் படம் எடுத்தீர்கள்.

கடைசியில் வல்லம் ஓட்டுகிற செல்லப்பாண்டிதான் வந்து கழற்றினார்.

உடனே எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கெட்ட காற்று உள்ளே போய்த் தண்ணீருக்குள்ளேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியும். உங்களைக் குற்றம் சொல்ல அதை எழுதவில்லை. ஆனால் இப்போது ஊரெல்லாம் பார்க்கிற படத்தில் என் தம்பிக்கு முகம் இல்லை. ஒரு ரப்பர் மூடி இருக்கிறது, அதன் கீழே ஒரு டியூப் இருக்கிறது. அவனுக்கு முகம் இருந்தது அக்கா. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும்.

ஒப்புக்கொண்ட கல்யாணங்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன். கேமரா அலமாரியில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தையைப் படம் எடுத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஒரே சொல். நான் ஒன்றுக்குச் சொன்னேன், உங்கள் காதில் வேறொன்றாக விழுந்தது. உங்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு முழுசாக வழியில்லாமல் போய்விட்டது. அதுதான் தாங்கவில்லை.

பெர்சி


சென்னை
20 ஆகஸ்ட் 2024

பெர்சி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

நீ கூப்பிட்டது உதவிக்கு. நான் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் உன் துக்கத்துக்குள் என் துக்கத்தைக் கொண்டுவந்து வைப்பதாகிவிடும். விடுகிறேன்.

படத்தைப் பத்திரிகையிலிருந்து எடுக்க வைத்துவிட்டேன். சுலபமாக நடக்கவில்லை. “பொது இடத்துல எடுத்த படம் மேடம், யார் அனுமதியும் வேண்டியதில்லை” என்றார் ஆசிரியர். நீ எனக்கு முதல் ஒப்பந்தம் படித்துக் காட்டியதை நினைத்துக்கொண்டேன். ‘படத்தின் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே’ என்ற வரியைக் காட்டி, “இதை அடிக்காமக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு உங்க பிள்ளைய நீங்களே கடன் கேக்கணும்” என்றாயே. இந்த ஆட்களிடமும் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால் திரும்பக் கேட்க முடிந்தது. கண்காட்சி ஒன்றுக்கும் தேர்வாகியிருந்தது. அங்கேயும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஐஸ்வர்யா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. “இத்தன வருஷத்துல ஒண்ணு கெடச்சுது, அதையும் தூக்கிப் போட்டுட்டியேம்மா” என்கிறாள். அவளுக்கு நான் எப்படி விளக்க?

இன்னொன்று. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

பெனிஸ்டன் மனைவி ஸ்டெபி போன் பண்ணினாள். அன்று எடுத்த படமெல்லாம் வேண்டுமாம். நிறைமாதத்துக்காரி என்று அவளை மணப்பாட்டில் தாய் வீட்டிலேயே இருக்க வைத்தீர்கள். பெட்டியை மூடிய பிறகுதான் கூட்டி வந்தீர்கள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. “மைனிகிட்ட கேட்டா தரமாட்டாக. நீங்க தாங்கக்கா” என்று உன்னைச் சொல்லி அழுதாள். செல்லப்பாண்டி மூடியைக் கழற்றிய பிறகும் நான் எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களை யாருக்கும் கொடுக்கவில்லை. அவற்றில் அவன் முகம் இருக்கிறது.

உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன்.

ப்ரியா


திரேஸ்புரம்
2 செப்டம்பர் 2024

அக்கா,

கொடுக்க வேண்டாம்.

ஸ்டெபி கைக்குழந்தைக்காரி. பால் கொடுக்கிறவள். நான் பார்த்ததை அவள் பார்க்க வேண்டியதில்லை. அவளுக்கு அவன் வேலைக்குக் கிளம்பின முகம் இருக்கட்டும். எனக்கு அதுகூட இல்லை. கண்ணை மூடினால் ரப்பர் மூடிதான் தெரிகிறது.

படத்தை எடுக்க வைத்ததற்கு நன்றி. உங்கள் வேலை போனதற்கு வருத்தம்தான். என்னால் அவ்வளவுதான் எழுத முடிகிறது.

பெர்சி


சாத்தான்குளம்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள பெர்சி,

முகவரி பார்த்திருப்பாய். சென்னையைக் காலி செய்துவிட்டேன். ஐஸ்வர்யா ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். நான் அண்ணன் சங்கரபாண்டியன் பலசரக்குக் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். பில் போடுவதை விட்டுத்தான் கேமராவைத் தூக்கினேன். இப்போது திரும்பவும் பில். அண்ணன் ஒன்றும் குத்திக் காட்டுவதில்லை. “வந்தது நல்லதுதான், இங்கன ஆளில்ல” என்கிறார். அதுவே குத்துகிறது.

போன வாரம் ஒரு சடங்கு வீட்டுக்குப் படம் எடுத்தேன். “நம்ம பிள்ளதானே, சும்மா எடுத்துக்குடு” என்றார்கள். நீ சொல்லிக்கொடுத்தபடி என்னென்ன தருவேன், எப்போது தருவேன் என்று ஒரு தாளில் எழுதி முதலிலேயே கொடுத்தேன். சிரித்தார்கள். ஆனாலும் முன்பணம் தந்தார்கள். சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகவே ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் அப்பா நம்ப முடியாமல் பார்த்தார்.

இத்துடன் ஒட்டிய கவர் ஒன்று இருக்கும். அன்று எடுத்தது எல்லாம் பிரிண்ட் போட்டு அதில் வைத்திருக்கிறேன். எதையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பாய். இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் அழித்துவிட்டேன். ஆசிரியரிடம் இருந்த அந்த ஒன்றையும் என் கண் முன்னால் அழிக்க வைத்தேன். இனி இருப்பது இந்தக் கவரில் மட்டும்தான்.

நீ கொளுத்தினாலும் சரி. ஸ்டெபியிடம் படங்கள் உன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். உனக்குப் பிடிக்காது. ஆனால் அவளிடம் பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ப்ரியா


திரேஸ்புரம்
11 நவம்பர் 2024

அக்கா,

கவர் ஒரு மாதத்துக்கு மேல் அலமாரியில், கேமராவுக்கு அடியில் கிடந்தது. கொளுத்தத்தான் வைத்திருந்தேன். ஒருமுறை தீப்பெட்டியோடு புறவாசலுக்கும் போனேன். அம்மா துணி காயப் போட வந்துவிட்டாள். திரும்பிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெபி பிள்ளையோடு வந்தாள். எல்லோரும் பூ வைத்தார்கள், மெழுகுதிரி கொளுத்தினார்கள். அவள் கையில் திரியை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். “கொளுத்துளா” என்றேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “நான் பாக்கலையே மைனி. நீங்க எல்லாரும் பாத்தீக, அழுதீக, பொதைச்சீக. எனக்கு அவுக இன்னும் கடலுக்குப் போன எடத்துலதான் இருக்காக. வருவாகன்னு வாசலப் பாக்கேன். வீட்டுல இருக்கிற ஆளுக்கு யாராவது திரி கொளுத்துவாகளா?”

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் செய்தது அது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கவரைப் பிரித்தோம். பிள்ளை என் மடியில். ஸ்டெபி என் படத்தை, ஊரெல்லாம் பார்த்த அந்தப் படத்தை, பார்க்காமலேயே தள்ளினாள். கூட்டத்தையும் தள்ளினாள். மூடி கழற்றிய பிறகு எடுத்ததில் ஒன்று, செல்லப்பாண்டியின் கைக்குக் கீழே அவன் முகம் மட்டும். காதோரம் மணல். அதைக் கையில் எடுத்து, சேலைத் தலைப்பால் அந்த மணலைத் துடைத்தாள். பிரிண்டில் இருக்கிற மணல் போகுமா? திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“தூங்கும்போது இப்படித்தான் மைனி, வாயத் தொறந்துக்கிட்டுக் கெடப்பாக. எத்தன தடவ மூடிவிட்டிருக்கேன்” என்றாள். அப்புறம்தான் அழுதாள். அத்தனை மாதத்தில் அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிள்ளை பயந்து கத்தியது. நானும் அழுதேன். அம்மா கதவைத் தட்டினாள். திறந்தேன். மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்தோம்.

மறுநாள் காலையில் தனியாகக் கல்லறைக்குப் போய்த் திரி கொளுத்திவிட்டு மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினாள். அந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

என்னை எடுத்த படத்தை நானும் கடைசியில் முழுசாகப் பார்த்தேன். எந்தக் கண்ணால் பார்ப்பது என்று தெரியவில்லை. அக்காளாகப் பார்த்தால் கிழிக்கத் தோன்றுகிறது. தொழில்காரியாகப் பார்த்தால் நல்ல படம். இதை உங்களுக்கு எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. நல்ல படம், அக்கா. நான் சொல்லிக்கொடுத்த யாரும் எடுக்காத படம், நானும் எடுக்காத படம். அதை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அங்கேயே இருக்கட்டும்.

நான் கோயம்புத்தூர் போகிறேன். அங்கே என் சிநேகிதி ஒருத்தி பம்புக் கம்பெனிகளுக்கும் துணிக் கம்பெனிகளுக்கும் படம் எடுத்துக் கொடுக்கிறாள். கூட ஆள் வேண்டுமாம். வெள்ளைத் துணி விரித்து அதில் பொருளை வைத்து எடுக்கிற வேலை. கேட்க வேண்டிய முகம் எதுவும் எதிரில் இருக்காது. கடலும் இல்லாத ஊர். தெருவைத் தாண்டினால் கடல் என்று இங்கே இருக்க என்னால் முடியவில்லை.

துறைமுக வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏஜென்சியில் சிலுவை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். சரக்கு இறங்கும்போது, ஏறும்போது, சேதம் இருந்தால் அதையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் என்னோடு வந்திருக்கிறீர்கள், வேலை தெரியும். தெரியாததை மட்டும் சொல்கிறேன். புது ஆள் என்று ரேட்டைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்காதீர்கள். முதல் நாள் குறைத்தால் பிறகு ஏற்ற முடியாது. வேலைக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். கிரேன் கொக்கிக்குக் கீழே எவ்வளவு நல்ல வெளிச்சம் விழுந்தாலும் நிற்காதீர்கள். அன்றைய படத்தை அன்றே அனுப்புங்கள். அண்ணாச்சி கத்துவார், மனசில் வைக்க மாட்டார்.

வீட்டுக்கு மட்டும் வராதீர்கள். அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் உங்களைப் பார்த்தால் அவளுக்கு அந்த நாள் திரும்ப வந்துவிடும். எனக்கும்தான்.

பெர்சி


மில்லர்புரம், தூத்துக்குடி
19 ஜனவரி 2025

அன்புள்ள பெர்சி,

நான் முன்பு இருந்த தெருவிலேயே வீடு பிடித்துவிட்டேன். மாடி, ஒரு அறை. கல்லாவை விட்டு எழுந்தபோது அண்ணன், “திரும்ப வந்தாலும் எடம் இருக்கு” என்றார். வரமாட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

முதல் கப்பல் காற்றாலை இறக்கை ஏற்றப் போகிற கப்பல். சிலுவை அண்ணாச்சி என் தலை நரையைப் பார்த்துவிட்டு, “பெர்சி ஒரு பிள்ளைய அனுப்புதேன்னுல்லா சொன்னா” என்றார். “நான்தான் அந்தப் பிள்ள” என்றேன். ரேட்டைக் குறைக்கச் சொன்னார். பேசாமல் நின்றேன். உனக்குத் தெரியுமே, எனக்குப் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம். கடைசியில் அவரே, “சரி, பெர்சி ரேட்டே வாங்கிக்கோங்க” என்றார்.

இறக்கையைக் கட்டுகிற ஆட்களில் ஒருவர், வயசானவர். அவர் கையைத் தனியாக எடுக்க ஆசை. வேலைக்குத் தேவையில்லை, என் ஆசை. கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். சரி என்று கேமராவைக் கீழே தொங்கவிட்டேன். காரணம் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன்.

உன் வேலையைச் செய்கிறேன், நீ இல்லை. தளத்தில் நின்றுகொண்டு ஒன்றை எடுத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பிக் காட்டுகிறேன். சண்டை போடுவதற்காவது நீ இருந்தாய். இப்போது நான் எடுப்பது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. அண்ணாச்சிக்குப் படத்தில் சரக்கு தெரிந்தால் போதும்.

சில பிரிண்டுகள் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடல் இருக்கிறது, அதை என்னால் தவிர்க்க முடியவில்லை. உனக்கு வேண்டாம் என்றால் கவரைப் பிரிக்காதே. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கோயம்புத்தூரில் மீன் நன்றாகக் கிடைக்கிறதா?

ப்ரியா


கோயம்புத்தூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

மீன் கிடைக்கிறது. ஐஸில் வைத்த மீன். நான் சாப்பிடுவதில்லை.

போன மாதம் தம்பியின் முதல் வருஷ நினைவுக்கு ஊருக்கு வந்து பூசை முடிந்த கையோடு திரும்பிவிட்டேன். உங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போனது. மாடியில் துணி காய்ந்தது. இறங்கவில்லை.

இங்கே வந்து நேற்றுத்தான் உங்கள் கவரைப் பிரித்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படம் சரி. இறக்கையின் நீளத்தைக் காட்ட ஒரு மனுஷனைப் பக்கத்தில் நிறுத்தியது நல்ல யோசனை. இரண்டாவதில் அவசரப்பட்டிருக்கிறீர்கள், கயிற்றின் முடிச்சு தெரியவில்லை. சேதம் என்று நாளைக்கு யாராவது சொன்னால் முடிச்சைத்தான் கேட்பார்கள். மூன்றாவதில் அடிவானம் சாய்ந்திருக்கிறது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கடலை எடுக்கும்போது முதலில் கோட்டைப் பாருங்கள் என்று. நிமிர்த்துங்கள்.

கடைசிப் படத்தில் கப்பலுக்குப் பின்னால், ஓரத்தில், சின்னதாக ஒரு வல்லம் போகிறது. கண்ணை அங்கே இழுக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று பென்சிலால் பிரிண்டின் மேலேயே கோடு போட்டேன். பிறகு ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகப்பு கரைப் பக்கம் இருக்கிறது. திரும்பி வருகிற வல்லம்.

கோட்டை அழித்துவிட்டேன். இருக்கட்டும், வெட்ட வேண்டாம்.

பெர்சி